மஞ்சள் ஒளி போன வழி

அத்தியாயம் ஏழு

"இதுவா மின்னுற எலி? கரிச்சட்டிக்குள்ள விழுந்து எந்திரிச்சி வந்த மாதிரில்ல இருக்கு!"

ஆய்வகத்துக் கூண்டுக்கு முன்னால் குனிந்து நின்ற தேவன் ஏமாற்றத்தை மறைக்கக்கூட முயலவில்லை. ஈப்போ புந்தோங்கிலிருந்து காரை எடுக்கும்போதே அவன் மனதில் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. விளக்கை அணைப்பார்கள், அறை முழுக்க மஞ்சள் மஞ்சளாய் எலிகள் ஓடும், கைப்பேசியில் பிடித்து ஊருக்கே அனுப்பலாம். வந்து பார்த்தால் அறுபது கறுப்புச் சுண்டெலிகள். அறுபதும் அவனை ஒரு பொருட்டாக மதிக்காமல் மரத்தூளைக் கிளறிக்கொண்டிருந்தன.

"வெளியில மின்னாது," என்றாள் டாக்டர் ரோஷினி. நேற்று மாலையிலிருந்து சாப்பிடாத முகம். "மூளைக்குள்ள மட்டும்தான். அதுலயும் ஒரு வகை நரம்பணு மட்டும்."

"மூளைக்குள்ள லைட்டா? அப்படின்னா எங்க அக்காவுக்கு நெத்தியே எரிஞ்சி ஓட்டை விழுந்திருக்கணுமே!"

அக்கா என்று அவன் சொன்னது கூடப்பிறந்தவளை அல்ல, பக்கத்தில் கைகட்டி நின்ற துளசியை. காப்புறுதி நிறுவனம் ஒன்றில் பொய் விபத்துகளைப் பதினோரு வருஷம் தோலுரித்துவிட்டு, இப்போது புந்தோங்கில் ஒரு கச்சான் பூத்தே கடைக்கு மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருப்பவள். கீழே இருக்கும் அந்தக் கடலைக் கடை தேவனின் அப்பாவுடையது. மாடி வேண்டுமானால் மகனையும் சேர்த்து எடுத்துக்கொள் என்று அவர் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு. துளசியும் மறுத்ததில்லை, தேவனும் மறுத்ததில்லை.

"அவன் கிடக்கான். நீங்க சொல்லுங்க," என்றாள் துளசி.

"எலி மூளையில ஏழு கோடி நரம்பணு இருக்கு. எல்லாம் ஒரே நிறம். சிக்கு விழுந்த நூல்கண்டு மாதிரி ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கும், எந்த நூல் எங்க போவுதுன்னு தெரியாது. கடல்ல ஒரு ஜெல்லி மீன் இருக்கு, அதுக்கிட்ட ஒளிர்ற புரதம் ஒண்ணு உண்டு. அந்த மரபணுவைக் கொஞ்சம் மாத்தி எலிக்குள்ள வச்சிட்டா, நமக்கு வேணும்கிற வகை நரம்பணு மட்டும் அந்தப் புரதத்தைத் தயார் பண்ணும். மூளையை மெல்லிசாச் சீவி, மைக்ராஸ்கோப்புல நீல வெளிச்சம் அடிச்சா அந்த நூல் மட்டும் மஞ்சளா எரியும்."

"இப்ப?"

"இப்ப எதுவுமே எரியல."

அதைச் சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. பன்னிரண்டு எலிகள், இரண்டு வருஷ உழைப்பு. ஜூலையில் அவள் படம் எடுத்தபோது பன்னிரண்டும் ஜெகஜ்ஜோதியாக எரிந்திருக்கின்றன. நேற்று விசாரணைக் குழு வந்து அதே சீவல்களை அதே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தது. ஒரே இருட்டு. எலிகள் எல்லாம் சாதாரண எலிகள், படங்கள் வேறெங்கோ திருடியவை என்று எழுதிக் கொடுத்திருந்த புகாருக்கு அதற்குமேல் சாட்சி வேண்டுமா? இன்று மூன்று மணிக்குக் குழு மறுபடி கூடுகிறது. ரோஷினியால் பதில் சொல்ல முடியாவிட்டால் வேலை போகும், பெயர் போகும். கூண்டில் இருக்கும் அறுபதையும் கொன்றுவிடுவார்கள்.

"புதுசா ஒண்ணை அறுத்துக் காட்டிட்டா?" என்றான் தேவன்.

"பதப்படுத்தவே ரெண்டு மூணு நாளாவும். காட்டினாலும் அந்தப் புது எலிக்குத்தான் அது சாட்சி. இந்தப் பன்னிரண்டுக்கும் நான் பதில் சொல்லியாவணுமே."

"புகார் குடுத்தது யாரு?" துளசி கேட்டாள்.

"அருண்பிரகாஷ். பக்கத்து மேசை. செட்டியார்ல நாங்க ஒரே கோயில்காரங்க, பங்காளி முறை வேணும்."

தேவன் கையைத் தட்டினான். "முடிஞ்சுது லா கேசு! பங்காளிக் காய்ச்சல். எலியை மாத்தி வச்சது அவர்தான். வாங்கக்கா, மக்கான் போலாம், பசிக்குது."

துளசி அவனைப் பார்த்த பார்வையில் மக்கான் தள்ளிப்போனது. மணி பதினொன்றே கால்.

ரோஷினி குளிர்ப்பெட்டியைத் திறந்து உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் தட்டு ஒன்றை எடுத்து வைத்தாள். பணியாரச் சட்டிபோல அதில் பன்னிரண்டு குழிகள். குழிக்கு ஓர் எலி. ஒவ்வொன்றிலும் தண்ணீருக்குள் வெங்காயத் தோல்போல மெல்லிய சீவல்கள் மிதந்தன. அந்தக் குளிர்ப்பெட்டிக்கு மூன்றே சாவி என்றாள். ஒன்று அவளிடம், ஒன்று அருண்பிரகாஷிடம், இன்னொன்று எலிகளைப் பார்த்துக்கொள்ளும் சன்னாசி அண்ணனிடம்.

துளசி கைப்பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தாள். குழி குழியாகப் பார்த்துக்கொண்டே போனவள் ஏழாவதில் நின்றாள்.

"அடியில கறுப்பா என்னமோ இருக்கே?"

"தூசின்னு குழுவில சொன்னாங்க."

தேவன் தலையை நுழைத்தான். "தூசியா! டாக்டர், நான் கடலைக்கும் பட்டாணிக்கும் நடுவுல பொறந்து வளந்தவன். இது எள்ளு. கறுப்பு எள்ளு." ஒரு கணம் நிறுத்தி, நிபுணர் போலப் புருவத்தை உயர்த்தினான். "செட்டியார் வீட்டுல எள்ளுருண்டை பிடிப்பாங்க இல்ல? அருண்பிரகாஷ் எள்ளுருண்டையைக் கடிச்சிக்கிட்டே எலியை மாத்தியிருக்காரு. உருண்டை உதுந்திருக்கு. எப்படி?"

"எள்ளு வறுத்ததா?"

"இல்ல, பச்சை. வறுத்தா வயிறு உப்பியிருக்கும், இது தட்டையாவே..." சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் இறங்கியது. வறுக்காத எள்ளில் உருண்டை பிடிக்கிற வீடு ஈப்போவில் கிடையாது.

"வறுக்காத கறுப்பு எள்ளை நம்ம ஆளுங்க எதுக்கு வாங்குவாங்க?"

"சனிக்கிழமை எள்ளு விளக்கு போடுவாங்க."

"அது துணியில முடிஞ்சி எண்ணெயில ஊறும். இந்தக் குழியில ஒரு பொட்டு எண்ணெய்கூட மிதக்கல. வேற?"

தேவனுக்கு வேறு தோன்றவில்லை. துளசிக்குத் தோன்றிவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. ஏனென்றால் அவள் அவனை விட்டுவிட்டு எலி அறைக்குள் போய், சன்னாசியின் மேசைக்கு மேலே தொங்கிய தமிழ் நாட்காட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள். முருகன் படத்துக்குக் கீழே தேதிகள். அதில் ஆடி அமாவாசையை நீலப் பேனாவால் வட்டம் போட்டு, பக்கத்தில் சின்னச் சின்னதாகக் கோடு கிழித்திருந்தார்கள். தேவன் எண்ணினான். பன்னிரண்டு.

"சன்னாசி அண்ணன் எங்க?"

"இன்னைக்கு லீவு," என்றாள் ரோஷினி. "லகாட் தாண்டி பழைய தோட்டத்துலதான் இருக்கார். ஏன், அண்ணன் என்ன செஞ்சாரு?"

"மூணு மணிக்கு முன்னாடி வாரோம். அதுவரைக்கும் அந்தத் தட்டை நீங்க தொடாதீங்க. ஒரு விரல்கூடப் படக்கூடாது."

காரில் தேவனுக்குப் பொறுக்கவில்லை. குற்றவாளியைச் சுடச்சுடக் கையில் வைத்துக்கொண்டு, எலிக்குத் தீனி போடுகிறவரைத் தேடி வெயிலில் அலைவானேன்? மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று கேட்டிருக்கிறான். இங்கே எலி கையிலேயே இருக்கிறது, அக்கா மலையைத் தேடிப் போகிறாள்.

"எள்ளும் தண்ணியும், தேவா," என்றாள் துளசி. "ரெண்டும் சேர்ந்தா நம்மள்ல என்ன அர்த்தம்?"

கார் ஒரு தடவை ஆடி நேராயிற்று. "அலாமா! தர்ப்பணமா? எலிக்கா?"

லகாட்டைத் தாண்டி ஈயக்குட்டைகள் முடிந்ததும் சாலையின் இரண்டு பக்கமும் செம்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பர். ஆலை போய்விட்டது, மரமும் போய்விட்டது. ஒரு வரிசை லயம் மட்டும் தகரக் கூரையோடு பாக்கி. அதன் கடைசி வீட்டு வாசலில் சன்னாசி கோழிக்கூட்டுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். ஐம்பத்தெட்டு வயது, ஒட்டி உலர்ந்த உடம்பு, முழுக்கை பனியன்.

துளசி யார், எதற்கு வந்தாள் என்பதைச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டாள். "அண்ணே, பன்னிரண்டு பேருக்கும் நீங்கதான் எள்ளுத் தண்ணி விட்டீங்களா?"

சுத்தியல் நழுவி அவர் காலுக்குப் பக்கத்தில் விழுந்தது. கோழிகள் சிதறி ஓடின.

"டாக்டர்மாவுக்குத் தெரிஞ்சி போச்சா?"

"இன்னும் தெரியாது. ஏன் விட்டீங்க?"

அவர் வாசல்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் ஆணிகளை உள்ளங்கையில் உருட்டினார். "பொறந்த அன்னிலேருந்து நான் பாக்குற புள்ளைங்கம்மா. ஏழாம் நம்பரு என் சட்டைப் பையிலயே தூங்கும். டாக்டர்மா பாவம், அறுக்குற அன்னிக்கு அவங்களும் சாப்புட மாட்டாங்க. ஆனா அறுத்ததும் ஒடம்பை எரிக்கிறதுக்குக் கொண்டு போயிடுவாங்க, நம்மகிட்ட தர மாட்டாங்க. மிச்சம் அந்தத் தட்டுல உள்ளதுதான். அதுங்களுக்குப் புள்ளையா குட்டியா, யாரு எள்ளுத் தண்ணி விடுவா? எங்கப்பாவுக்கு ஆத்துல விட்டுட்டு, அப்படியே வேலைக்கு வந்து இதுங்களுக்கும் விட்டேன். எள்ளை அப்புறமா குச்சில பொறுக்கிட்டேனே. ஒண்ணு தங்கிடுச்சா?"

தேவனுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் ஒரே நேரத்தில் சமாளிக்க அவனுக்குத் தெரிந்த வழி வாயைத் திறப்பதுதான்.

"போச்சுடா. எள்ளுத் தண்ணி விட்டதும் பன்னிரண்டு ஆத்மாவும் சாந்தி அடைஞ்சி, போறப்ப லைட்டை ஆஃப் பண்ணிட்டுப் போயிடுச்சின்னு குழுவுல சொல்லவா? அக்கா, அண்ணன் ஒரு கொட்டாங்கச்சி தண்ணி தெளிச்சதுக்கெல்லாம் வெளிச்சம் போவாது. நான்தான் சொன்னேனே, அருண்..."

"என்ன தண்ணி அண்ணே?"

துளசி கேட்ட விதத்தில் தேவன் நிறுத்திக்கொண்டான்.

"என்ன தண்ணின்னா?"

"பைப்புத் தண்ணியா? ஆத்துலேருந்து கொண்டு வந்ததா?"

சன்னாசிக்கு அந்தக் கேள்வியே பிடிக்கவில்லை. "பைப்புத் தண்ணியா? செத்தவங்களுக்குப் பிடிச்சதைத்தானேம்மா படைப்போம்? எங்கப்பாவுக்குக் கள்ளு வச்சிப் படைக்கிறோம். அதுங்களுக்கு அதுங்க குடிச்ச தண்ணியத்தான் குடுத்தேன். தட்டுல ஏற்கெனவே கிடந்தது மருந்துத் தண்ணி, ஒரே உப்பு. செத்ததுக்கு உப்புத் தண்ணி குடுக்கலாமா? அதைச் சொட்டு சொட்டா உறிஞ்சி எடுத்துட்டு, எலித் தண்ணிய நிறைய விட்டேன். ஒரு சீவல்கூடச் சிந்தல."

"எலிக்குன்னு தனித் தண்ணியா?"

"நான்தான் கலப்பேன். பெரிய தோங்கு டிரம்முல தண்ணி பிடிச்சி, அசிட்டு அளந்து ஊத்தணும். போத்தல்ல கிருமி வராம இருக்க. டாக்டருங்க கலந்தா ஒரு நாளைக்கு ஒரு மாதிரி வரும், நான் கலந்தா அளவு பிசகாது. தோட்டத்து ஆலையில இருவது வருசம் ரப்பர் பாலுக்கு அசிட்டு அளந்த கை இது." கையை நீட்டிக் காட்டினார். பெருமையாகத்தான் காட்டினார்.

தேவன் பிறந்தது புந்தோங்கில்தான், ஆனால் பள்ளி விடுமுறையெல்லாம் கழிந்தது தோட்டத்துச் சித்தி வீட்டில். ரப்பர் பால் தண்ணீர் மாதிரி ஓடும். அதில் கொஞ்சம் அசிட்டைக் கலந்துவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் கத்தியால் வெட்டி எடுக்கலாம். பாலையே ஆள் மாற்றிவிடுகிற சாமான் எலி மூளையைச் சும்மா விடுமா? அவன் துளசியைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே கைப்பேசியைக் காதில் வைத்திருந்தாள்.

"ஹலோ, டாக்டர் அருண்பிரகாஷ்தானே?"

தேவன் தலையில் கைவைத்தான். "அக்கா! பூனையைப் பாலுக்குக் காவல் வைக்கிறீங்களே! அந்தாளு தட்டைக் கழுவிக் கவுத்திடுவாரு லா!"

துளசி எழுந்து செம்பனைப் பக்கம் போய்ப் பேசினாள். பேசியதைவிடக் கேட்டதுதான் அதிகம். திரும்பி வந்தபோது சன்னாசி எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னாலதான் டாக்டர்மாவை விசாரிக்கிறாங்களா?"

துளசி தலையை ஆட்டினாள். அவர் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "வாங்க, நானே வந்து சொல்றேன். என் வேலை போனா போவட்டும். அந்தப் புள்ள பேரு போவக்கூடாது."

மூன்று மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர்கள் உள்ளே நுழைந்தார்கள். மைக்ராஸ்கோப்பு அறையில் குழு உறுப்பினர்கள் மூன்று பேர். நடுவில் தலைவராக ஒரு மலாய்ப் பேராசிரியை, மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறவர். ஓரத்தில் ரோஷினி, சுவரோடு சுவராக. கருவிக்கு முன்னால் கையுறை போட்டுக்கொண்டு அருண்பிரகாஷ். தேவன் அவரை அப்போதுதான் முதல் முறையாகப் பார்க்கிறான். வில்லன் என்றால் கொஞ்சமாவது உயரமாக இருப்பான் என்று நினைத்திருந்தான்.

அருண்பிரகாஷ் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை முதல் குழியில் நனைத்து உயர்த்திக் காட்டினார். சிவந்து போயிருந்தது.

"அமிலம்," என்றார். "இந்தத் தட்டில் இருக்கவே கூடாதது."

குழாயால் அந்தத் தண்ணீரை உறிஞ்சி எடுத்தார். மேசையில் தயாராக வைத்திருந்த புட்டியிலிருந்து அமிலத்துக்கு நேர் எதிரான காரக் கரைசலை விட்டார். உறிஞ்சினார், மறுபடி விட்டார். சீவலைக் கண்ணாடியில் ஏற்றி நீல வெளிச்சத்தைப் போட்டார். சுவரில் இருந்த திரை கறுப்பாக விரிந்தது.

கறுப்பாகவே இருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். குழுவில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். ரோஷினி கண்ணை மூடிக்கொண்டாள். நான் சொன்னேன் இல்லையா என்று அக்காவின் காதில் ஓதுவதற்காகத் தேவன் வாயைக் கொண்டுபோனான்.

திரையின் மூலையில் ஒரு கோடு தெரிந்தது. கண் ஏமாற்றுகிறதோ என்று அவன் இமையைத் தேய்த்துக்கொண்டு பார்த்தான். ஏமாற்றவில்லை. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. மங்கிய மஞ்சள் மெல்ல மெல்லக் கெட்டியாகி, கீழே முடிச்சும் மேலே நீண்ட தண்டும் உச்சியில் கிளையுமாக ஒன்றன்பின் ஒன்றாக நரம்பணுக்கள் எழுந்து நின்றன. பத்து, இருபது, நூறு. அறை முழுக்க மஞ்சள்.

"பெத்துல் கா?" என்று எழுந்தே விட்டார் பேராசிரியை. நிஜம்தானா என்று இரண்டு தடவை கேட்டார்.

"அணைஞ்சுதான் இருந்திருக்கு. சாகல," என்றார் அருண்பிரகாஷ். குரல் கம்மியிருந்தது. "இந்த மஞ்சள் புரதம் அமிலத்தில் ஒளியை இழக்கும். காரத்தில் கழுவினால் திரும்பும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை." அவர் ரோஷினியின் பக்கம் திரும்பினார். "எலியைச் சந்தேகப்பட்டேன். உன்னைச் சந்தேகப்பட்டேன். தண்ணியைச் சந்தேகப்படல. புகாரை வாபஸ் வாங்குறேன். ரோஷினி, மன்னிப்புக் கேக்க எனக்கு மூஞ்சி இல்ல."

பன்னிரண்டு குழியையும் அவரே கழுவினார். பன்னிரண்டும் எரிந்தன. ஜூலைப் படங்களைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு கிளையையும் ஒப்பிட்டார்கள். கிளைக்குக் கிளை அச்சாகப் பொருந்தின.

"இப்ப புரியுதா?" துளசி தேவனின் காதில் சொன்னாள். "இதே வேலையை ரோஷினி செஞ்சிருந்தா, ஏதோ மருந்தைக் கலந்து எரிய வச்சிட்டான்னு சொல்லியிருப்பாங்க. அதான் தட்டைத் தொடாதேன்னு அவகிட்டச் சொன்னேன். குத்தம் சொன்ன கையாலயே எரியணும்."

"அந்தாளு நல்லவர்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. 'எலித் தண்ணி'ன்னு சொன்னதும் போன்ல 'ஐயோ'ன்னாரு. மாட்டிக்கிட்ட ஐயோவும் தப்பு பண்ணிட்டோமேங்கிற ஐயோவும் வேற வேற. பதினோரு வருசம் ரெண்டையும் கேட்டிருக்கேன்."

பேராசிரியை பேனாவை எடுத்தார். குற்றச்சாட்டு தள்ளுபடி, எலிகளைத் தொடக்கூடாது என்று எழுதிவிட்டு நிமிர்ந்தார். தண்ணீரை மாற்றியது யார்?

சன்னாசி கதவோரத்திலிருந்து ஓர் அடி முன்னால் வந்தார். மலாயில்தான் சொன்னார், தட்டுத் தடுமாறி. அப்பாவுக்குக் கொடுத்ததை அதுங்களுக்கும் கொடுத்தேன், அமாவாசை, வேறு யாரும் இல்லை.  இவரை என்ன செய்வது என்பதை டாக்டர் ரோஷினியே முடிவு செய்யட்டும் என்று சொல்லிப் பேராசிரியை பேனாவை மூடினார்.

ரோஷினி எழுந்து வந்தாள். அவள் திட்டப் போகிறாள் என்றே தேவன் நினைத்தான். திட்டினாலும் தப்பில்லை, ஒரு நாள் முழுக்க உயிர் போய் வந்திருக்கிறதே. அவள் சன்னாசியின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து கருவிக்கு முன்னால் உட்கார வைத்தாள். எட்டு வருஷமாக இந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறார், ஒரு நாளும் அவரை யாரும் இதில் பார்க்கச் சொன்னதில்லை.

"ஏழாம் நம்பர் அண்ணே. பாருங்க."

அவர் கண்ணைப் பொருத்தினார். வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை.

"நிரை நிரையா மரம் நிக்குதும்மா," என்றார் கடைசியில். "இத்தனையுமா அந்தச் சின்ன மண்டைக்குள்ள இருந்துச்சி?" நிமிர்ந்தபோது கன்னமெல்லாம் நனைந்திருந்தது. "டாக்டர்மா, நாளையிலேருந்து நான் வரலை. ரொம்பப் பெரிய தப்பு பண்ணிட்டேன்."

"தட்டைத் தொட்டது தப்புதான். இனிமே தொடாதீங்க." ரோஷினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வேலைக்கு வாங்க. அடுத்த அமாவாசைக்கு ஆத்துக்குப் போறப்ப என்னையும் கூப்பிடுங்க அண்ணே. அறுக்கிறவ நான். நானும் வந்து தண்ணி விடுறேன்."